பெரிய அளவில் சென்சார் நெட்வொர்க் வடிவமைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயிரக்கணக்கான சென்சார்களைப் பரப்பி வைத்து, அவை தாமே யோசித்து, தமக்குள் பேசிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட வேண்டும் என்று திட்டம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மேஜை மேல் பத்து நோடு (சென்சார் கருவி) ஓட்டிப் பார்த்தவர்களுக்கும், வேலையில் திடீரென்று ஐயாயிரம் நோடு பொறுப்பில் வந்து விழுந்தவர்களுக்கும் இது உதவும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளப்பது சுலபம், அனுப்புவதும் ஓரளவு சுலபம்தான். வந்த எண்ணை நம்பலாமா, வராமல் போன எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாத நெட்வொர்க் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

சாதாரண சென்சாருக்கும் அறிவுள்ள சென்சாருக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண சென்சார் வெப்பத்தையோ அதிர்வையோ மின்சைகையாக மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதோடு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (குட்டிக் கணினிச் சிப்), கொஞ்சம் நினைவகம், ஒரு ரேடியோ, ஒரு பேட்டரி எல்லாம் சேர்ந்தால் அது நோடு. எதை அளப்பது, எப்போது அனுப்புவது, எதை அனுப்பாமல் விடுவது, தன் உடம்பு சரியாக இருக்கிறதா என்று நோடே முடிவு செய்ய ஆரம்பிக்கும்போதுதான் அறிவுள்ளது என்கிறோம். கடைசியாகச் சொன்ன அந்தத் தன்னிலை அறிவைத்தான் பெரும்பாலான வடிவமைப்புகள் விட்டுவிடுகின்றன.

எத்தனை நோடு இருந்தால் 'பெரிய' நெட்வொர்க் என்று சொல்லலாம்?

எண்ணிக்கையை வைத்து நான் பார்ப்பதில்லை. ஒரு நோடு கெட்டுப்போனால் ஆள் போய்ச் சரிசெய்துவிட்டு வர முடிகிற வரைக்கும் அது சின்ன நெட்வொர்க். அது கட்டுப்படியாகாத நிலை வந்துவிட்டால் பெரிது. கணக்கைப் பாருங்கள்: 10,000 நோடு, ஒவ்வொன்றின் சராசரி ஆயுள் 5 வருஷம் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 2,000 நோடு போகும். அதாவது தினமும் ஐந்தாறு, விடுமுறை நாள் உட்பட. எல்லா நோடும் ஒரே நேரத்தில் நன்றாக வேலை செய்யும் நாள் என்று ஒன்று வரவே வராது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது ஆர்கோ திட்டம். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 தானியங்கி மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோள் வழியாகத் தரவை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். இந்த எண்ணிக்கையைத் தக்கவைக்க ஆண்டுக்குச் சுமார் 800 புது மிதவைகளைக் கடலில் விட வேண்டியிருக்கிறது. ரிப்பேர் என்ற பேச்சுக்கே அங்கே பெரும்பாலும் இடமில்லை. போவது போகட்டும், மொத்தப் படம் கெடாமல் இருந்தால் சரி என்பதுதான் அடிப்படை. தரையில் கட்டுகிறவர்களும் முதல் நாளே இந்த மனநிலைக்கு வந்துவிட வேண்டும்.

இது புதிய துறையா?

இல்லை. 1950-களிலேயே அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளைக் கண்காணிக்கக் கடலடியில் ஒலி சென்சார்களை வரிசையாகப் போட்டு வைத்திருந்தது. சின்ன, மலிவான, ரேடியோ உள்ள நோடுகள் என்ற எண்ணம் 1990-களின் பிற்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், கிறிஸ் பிஸ்டரின் 'ஸ்மார்ட் டஸ்ட்' ஆய்வோடு வேகம் பிடித்தது. 2002-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடலோரத்தில் இருக்கும் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளுக்குள்ளும் வெளியிலுமாக 32 நோடுகளை வைத்துப் பார்த்தார்கள். அந்தத் தீவு கற்றுக்கொடுத்த முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எத்தனை வருஷம் தாங்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குச் சராசரியாக எவ்வளவு மின்னோட்டம் செலவழிக்க அனுமதி உண்டு என்று பாருங்கள். இரண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 2,500 மில்லிஆம்பியர்-மணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு வருஷம் ஓட்ட வேண்டுமானால் சராசரி 285 மைக்ரோஆம்பியர். ஐந்து வருஷம் என்றால் வெறும் 57 மைக்ரோஆம்பியர்தான்.

இப்போது ரேடியோவைப் பாருங்கள். ஆராய்ச்சி நோடுகளில் பல வருஷம் கோலோச்சிய சிசி2420 சிப் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் எடுக்கும், கேட்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் செலவு அதிகம்! அதுவும் யாராவது பேசினால்தான் என்றில்லை, யாரும் பேசாதபோதும் காதைத் திறந்து வைத்திருந்தாலே அந்தச் செலவுதான். இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் மேலே சொன்ன பேட்டரி ஐந்தரை நாளில் காலி. அதனால்தான் குறைமின் நெட்வொர்க் நெறிமுறைகள் அத்தனையும் கடைசியில் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: எப்போது தூங்குவது, எழும்போது எதிரில் இருப்பவரும் விழித்திருப்பார் என்று எப்படி உறுதி செய்வது. ரேடியோவை 1 சதவீத நேரம் மட்டும் திறந்தால் அதே பேட்டரி கணக்குப்படி ஒன்றரை வருஷம் வரும்.

ரேடியோவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காற்றில் மிதக்கும் தூசியை அளக்கும் சென்சாரில் ஒரு குட்டி விசிறி இருக்கும், நிலைக்கு வர அரை நிமிஷமாவது ஓட வேண்டும், அதற்கு 100 மில்லிஆம்பியர் வரை போகும். மணிக்கு ஒரு அளவீடுதான் என்றாலும் நாளைக்கு 20 மில்லிஆம்பியர்-மணி அதற்கே போய்விடும், அந்த இரண்டு பேட்டரி நான்கு மாதம் தாண்டுவதே சந்தேகம். அங்கே ரேடியோவை எவ்வளவு சிக்கனப்படுத்தியும் பிரயோசனமில்லை, சோலார் தகடு வைத்தே ஆக வேண்டும்.

பேட்டரி தீரப்போவதை வோல்ட்டேஜ் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா?

ஆல்கலைன் என்றால் ஓரளவு முடியும், அதன் வோல்ட்டேஜ் சரிந்துகொண்டே வரும். நீண்ட ஆயுளுக்காகப் பலரும் போடும் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி அப்படியில்லை. கடைசிக் கட்டம் வரை 3.6 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று விழும். அதற்கு ஒரே வழி, நோடு தன் செலவைத் தானே எண்ணி வைப்பது: இத்தனை முறை விழித்தேன், இத்தனை பாக்கெட் (ஒரு தடவைக்கு அனுப்பும் தரவுத் துண்டு) அனுப்பினேன் என்று.

எந்த ரேடியோ எடுப்பது? வைஃபை போதாதா?

மின்சாரம் பக்கத்திலேயே இருந்து, கட்டடத்துக்குள் மட்டும் என்றால் வைஃபை தாராளமாகப் போதும். வெளியே, பேட்டரியில், கிலோமீட்டர் கணக்கில் என்றால் தேர்வு பெரும்பாலும் மூன்றில் வந்து நிற்கும்: ஐட்ரிபிள்ஈ 802.15.4 என்ற குறைமின் ரேடியோ தரநிலை மேல் ஓடும் மெஷ், லோரா ரேடியோவில் ஓடும் லோராவான் மாதிரி நீண்ட தூர முறை, இல்லையென்றால் செல்பேசி கோபுரங்கள் வழியாக என்பி-ஐஓடி.

மெஷ்ஷில் ஒரு நோடு பக்கத்து நோடுக்குக் கொடுக்க, அது அடுத்ததற்குக் கொடுக்க, அப்படியே கேட்வே (தரவைத் திரட்டி சர்வருக்கு அனுப்பும் பெட்டி) வந்து சேரும். வேகம் நல்லது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வினாடிக்கு 250 கிலோபிட். ஆனால் ஒரு பாக்கெட்டுக்கு 127 பைட்தான் உச்சவரம்பு, வைஃபை நெரிசலும் அதே பட்டையில்தான். முக்கியமான சிக்கல், கேட்வேக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஊரார் சுமை எல்லாம் சுமந்து முதலில் சாவார்கள். 1,000 நோடு, கேட்வேயைத் தொடும் தூரத்தில் 10 நோடு என்றால் அந்தப் பத்தும் ஆளுக்கு நூறு பேர் பாக்கெட்டைத் தூக்க வேண்டும். அவை போனால் பின்னால் இருக்கும் 990-ம் நன்றாகவே இருந்தும் செத்த மாதிரிதான். மெஷ்ஷைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம் என்ற ஆசைக்கு 2000-ஆம் ஆண்டிலேயே குப்தா, குமார் என்ற ஆய்வாளர்கள் கணிதமாக ஒரு வரம்பு காட்டிவிட்டார்கள்: நோடு எண்ணிக்கை ஏற ஏற, ஒவ்வொரு நோடுக்கும் கிடைக்கும் பங்கு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு எதிராகவோ அதைவிடக் கொஞ்சம் வேகமாகவோ குறைந்துகொண்டே போகும். ஆக, வழி ஒன்றுதான், கேட்வேக்களைக் கூட்டுங்கள், பாக்கெட் நோடு விட்டு நோடு போகும் தாவல்களைக் குறையுங்கள். மூன்று நான்கு தாவலுக்கு மேல் போகும் மெஷ்ஷை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

லோரா கேட்வே ஒன்றுக்குப் பல்லாயிரம் நோடு தாங்கும் என்கிறார்களே?

தாங்கலாம், எவ்வளவு அடிக்கடி பேசுகின்றன, எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல திட்டங்கள் இங்கேதான் விழுகின்றன.

லோராவில் தூரம் கூடக் கூட மெதுவாகப் பேச வேண்டும். பத்து பைட் தகவலை அனுப்ப மிக வேகமான எஸ்எஃப்7 நிலையில் சுமார் 60 மில்லிவினாடி போதும். மிக மெதுவான எஸ்எஃப்12 நிலையில் அதே பாக்கெட்டுக்குச் சுமார் ஒன்றரை வினாடி ஆகும், 25 மடங்கு. இந்த நோடுகள் ஒன்றையொன்று கேட்டுவிட்டுப் பேசுவதில்லை, தோன்றியபோது பேசும். 1970-களின் தொடக்கத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் உருவாக்கிய அலோஹா முறை இதுதான். அதன் உச்சத் திறன் 18 சதவீதம், அதாவது நேரத்தில் அவ்வளவுதான் உருப்படியாகப் பயன்படும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த 18 சதவீதத்தை எட்டும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான பாக்கெட்டுகள்தான் போய்ச் சேரும், மீதி மோதி வீணாகும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

பத்துக்கு ஒன்பது பாக்கெட் சேர வேண்டுமென்றால் அலைவரிசையில் 5 சதவீத நேரத்துக்கு மேல் பேச்சு இருக்கக் கூடாது. அப்படியென்றால் ஒரு சேனலில் மணிக்குச் சுமார் 190 வினாடி. எஸ்எஃப்7-இல் 3,000-க்குச் சற்று மேல் பாக்கெட், எஸ்எஃப்12-இல் 126 பாக்கெட். எட்டு சேனல் உள்ள கேட்வே என்றால் முறையே 25,000, 1,000. வெவ்வேறு வேகத்தில் பேசுகிறவை பெரும்பாலும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை, வலுவான சைகை மோதலிலும் தப்பித்துவிடும், அதனால் நிஜத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும். ஆனாலும் வடிவமைக்கும்போது இந்தக் குறைந்த எண்ணையே நம்புங்கள். தூரத்தில் இருக்கும் நூறு நோடு, பக்கத்தில் இருக்கும் இரண்டாயிரத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது, இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

இன்னொன்று. சரியாக மணிக்கு ஒருமுறை, பூஜ்ஜியமாவது நிமிஷத்தில் அனுப்பு என்று எல்லா நோடுக்கும் ஒரே நிரல் எழுதிவிட்டால் அத்தனையும் ஒரே நொடியில் கத்தும். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு எதேச்சையான தாமதத்தைச் சேர்த்துக்கொள்ளட்டும். மின்தடைக்குப் பிறகு எல்லாம் ஒன்றாக எழும் நேரத்துக்கும் இதே மருந்துதான்.

எல்லாத் தரவையும் அனுப்பிவிட்டு சர்வரில் யோசிக்கலாமா? நோடிலேயே யோசிக்க வைக்க வேண்டுமா?

ஒரு கிலோபிட் தகவலை 100 மீட்டர் தூரம் அனுப்பும் சக்தியில் மைக்ரோகன்ட்ரோலர் சுமார் முப்பது லட்சம் கட்டளைகளைச் செய்து முடித்துவிடலாம் என்று 2000-ஆம் ஆண்டில் கிரெகரி பாட்டி, வில்லியம் கைசர் என்ற ஆய்வாளர்கள் ஒரு கணக்கு போட்டார்கள். சிப்புகள் மாறிவிட்டன, விகிதமும் கொஞ்சம் மாறியிருக்கும், திசை மாறவில்லை: யோசிப்பது மலிவு, பேசுவது விலை. இன்றைக்குச் சில நூறு கிலோபைட் நினைவகம் உள்ள சிப்பிலேயே ஒலியை வகைப்படுத்தும் சின்ன நியூரல் நெட்வொர்க் ஓடுகிறது.

ஆனாலும் 'முடிவை மட்டும் அனுப்பு' என்று ஒரேயடியாகப் போய்விடாதீர்கள். முடிவு தப்பு என்றால் ஏன் தப்பு என்று பார்க்க உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. இதற்கு அழகான நடுவழி, 2005-இல் ஈக்வடாரின் ரெவென்டடோர் எரிமலையில் 16 நோடுகளை வைத்த குழு செய்தது. ஒவ்வொரு நோடும் நில அதிர்வையும் காதுக்கு எட்டாத தாழ்ஒலியையும் வினாடிக்கு 100 முறை அளந்து தன் ஃபிளாஷ் நினைவகத்தில் சுழற்சியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதிர்வு தெரிந்தால் 'எனக்கு ஏதோ தெரிந்தது' என்று ஒரு சின்னச் செய்தி. போதுமான நோடுகள் ஒரே சமயத்தில் அப்படிச் சொன்னால் மட்டும் மையக் கணினி எல்லோரிடமும் கடைசி ஒரு நிமிஷத்துத் தரவை முழுதாகக் கேட்டு வாங்கும். எப்போது முக்கியம் என்பதை நோடுகள் சேர்ந்து முடிவு செய்கின்றன, முக்கியமான நேரத்தில் மூலத்தரவு அப்படியே கைக்கு வருகிறது. என்னைக் கேட்டால் எந்தத் துறையில் கட்டினாலும் இந்த அமைப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். அதோடு, நாளுக்கு ஒரு முறையாவது, ஒன்றும் நடக்காத நேரத்துத் துண்டு ஒன்றையும் வாங்கி வையுங்கள். சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அசாதாரணத்தை எடைபோட முடியாது.

நோடுகளை எங்கே வைப்பது? சம இடைவெளியில் கட்டமாக வைக்கலாமா?

பேப்பரில் கட்டம் அழகாக இருக்கும். ரேடியோ தூரம் உணரும் தூரத்தைப் போல இரண்டு மடங்காவது இருந்தால், முழுப் பரப்பையும் சென்சார்கள் மூடிவிட்டாலே இணைப்பும் தானாக வந்துவிடும் என்று ஒரு தேற்றம் உண்டு, ஆரம்பக் கணக்குக்கு நல்லது. நிஜத்தில் ரேடியோ பரப்பு வட்டமாக இருப்பதில்லை. இலை தழைத்தால் குறையும், மழை பெய்து மரம் நனைந்தால் இன்னும் குறையும், நடுவில் ஒரு இரும்புக் கதவு வந்தால் போச்சு. கோடையில் அளந்து பார்த்துவிட்டு மழைக்காலத்துக்கும் அதே இடைவெளி போதும் என்று நினைக்க வேண்டாம். அன்டெனாவைத் தரையிலிருந்து ஒரு ஆள் உயரம் தூக்கினாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

எல்லா நோடின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டுமா?

வெப்பநிலையை மணிக்கொரு தரம் அளக்கிறீர்கள் என்றால் சில வினாடி முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. ஒலி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு மில்லிவினாடிப் பிழையே 34 சென்டிமீட்டர் பிழை. கடிகாரத்தைத் துடிக்க வைக்கும் மலிவான கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 40 பங்கு விலகினால் நாளைக்கு 3.5 வினாடி. அதோடு, கைக்கடிகார வகை 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் சரியாக ஓடும், சூடானாலும் மெதுவாகும், குளிர்ந்தாலும் மெதுவாகும். வெயிலில் 65 டிகிரி ஏறிய பெட்டியில் அந்த ஒரு காரணத்தால் மட்டும் நாளைக்கு நான்கைந்து வினாடி பின்தங்கும். அதனால் காலையில் ஒருமுறை சரிசெய்துவிட்டு மாலை வரை நம்புவது வேலைக்காகாது. அடிக்கடி ஒத்திசையுங்கள், வெப்பநிலையை வைத்துத் திருத்துங்கள். நோடின் சொந்தக் கடிகார எண், திருத்திய நேரம் இரண்டையும் சேமியுங்கள். ரெவென்டடோரிலும் நேர ஒத்திசைவு சிக்கல் கொடுத்தது, பதிவுகளை வைத்துப் பின்னால் நேரத்தைச் சீர்செய்ய முடிந்தது.

ஒரு நோடிலிருந்து தகவல் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லையா, நோடு செத்துவிட்டதா?

ஏதாவது நடந்தால் மட்டும் சொல் என்று நோடுக்குச் சொல்லி வைத்தால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் அமைதிக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடும். காட்டுத் தீயைக் கண்காணிக்கும் இடத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஒவ்வொரு நோடும் குறிப்பிட்ட இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். வெறுமனே சொன்னால் போதாது. பத்துப் பன்னிரண்டு பைட்டில் எவ்வளவு வைக்கலாம் பாருங்கள்: வரிசை எண்ணுக்கு இரண்டு பைட், பேட்டரி வோல்ட்டேஜுக்கு ஒன்று, பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலைக்கு ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று, எத்தனை முறை ரீசெட் ஆனது என்பதற்கு ஒன்று, கடைசி ரீசெட் ஏன் ஆனது என்பதற்கு ஒன்று, கடைசியாகக் கேட்ட சைகையின் வலிமைக்கு ஒன்று, ஃபர்ம்வேர் (நோடுக்குள் ஓடும் நிரல்) பதிப்புக்கு ஒன்று. ஒன்பது பைட்தான் ஆகிறது. 412-க்கு அடுத்து 415 வந்தால் நடுவில் இரண்டு பாக்கெட் காற்றில் தொலைந்தன, நோடு நன்றாக இருக்கிறது. 412-க்கு அடுத்து 0 வந்தால் ரீசெட் ஆகியிருக்கிறது, காரணம் பக்கத்திலேயே இருக்கும். நிரல் உறைந்துபோய் வாட்ச்டாக் டைமர் (உறைந்த நோடை மறுபடி தொடங்க வைக்கும் கடிகாரம்) தூக்கி விட்டதா, வோல்ட்டேஜ் சரிந்ததா என்று ஆள் அனுப்பாமலே தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் ஈரப்பதம் ஏன் என்று பலர் கேட்பார்கள். கிரேட் டக் தீவின் பாடம் அதுதான். அங்கே ஈரப்பத சென்சார் ஒழுங்கில்லாத எண்களைக் காட்ட ஆரம்பித்த நோடுகள் பெரும்பாலும் சீக்கிரமே செத்துப்போயின. தண்ணீர் உள்ளே வருகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. செத்த வெளிப்புற நோடு ஒன்றைத் திறந்து பார்த்தால் புரியும். போர்டு புதிதாகவே இருக்கும், பேட்டரி முனையில் மட்டும் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும், கேபிள் உள்ளே நுழையும் துளைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தடம். கேபிள் மேலிருந்து நேராக இறங்கித் துளைக்குள் போயிருக்கும், மழைத்தண்ணீர் அதையே பாதையாக்கிக்கொண்டிருக்கும். துளைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு, வளைத்து, கீழிருந்து மேலே நுழைத்திருந்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போயிருக்கும். பெட்டியைக் காற்றே புகாமல் அடைப்பதும் தீர்வில்லை. பகல் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது ஈரக்காற்றை எந்த இடுக்கிலாவது இழுத்துக்கொள்ளும். காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வைத்த துளை ஒன்று வையுங்கள்.

சென்சார் காட்டும் எண் சரிதானா என்று எப்படி உறுதி செய்வது?

சென்சார்கள் காட்டும் அளவு நாளடைவில் சரியான மதிப்பிலிருந்து நகரும். செத்த நோடுகூடத் தொல்லையில்லை, உயிரோடு இருந்து மெதுவாகத் தப்பாகிக்கொண்டே போகிறதே, அதுதான் ஆபத்து. ஒளிச்சிதறலை வைத்துத் தூசியை அளக்கும் சென்சார், காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருப்பதால் மிகையாகக் காட்டும். மின்வேதி வாயு சென்சார்கள் ஓரிரு வருஷத்தில் தளர ஆரம்பித்துவிடும்.

தானே திருத்திக்கொள்ளும் முறைகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் அனுமானத்தைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பல கரியமில வாயு சென்சார்கள், சில நாட்களில் பார்த்த மிகக் குறைந்த அளவை 400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) என்று வைத்துத் தம்மைத் திருத்திக்கொள்ளும். வெளிக்காற்றே இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இரவும் பகலும் ஆள் இருக்கும் அறையில் வைத்தால் அது வெளிக்காற்றையே பார்க்காது, தன் அடிமட்டத்தையே தப்பாக வைத்துக்கொண்டு வாரா வாரம் நம்பிக்கையோடு பொய் சொல்லும்.

நல்ல வழி: துல்லியமான சில நிலையங்களை இடையிடையே வைத்து, மலிவான நோடுகளை முதலில் அவற்றின் பக்கத்தில் சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பரப்புங்கள், பிறகும் சுழற்சியாகக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். மூல எண்ணை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஆர்கோவில் தரவு உடனடி வடிவில் வரும், பிறகு உப்பு சென்சாரின் நகர்வைத் திருத்தித் தரக்குறியோடு இன்னொரு வடிவம் வரும். இரண்டும் இருக்கும், பயன்படுத்துகிறவர் தேர்ந்துகொள்ளலாம். அதே ஒழுங்கு வேண்டும்.

பொய் எச்சரிக்கையை எப்படிக் குறைப்பது?

ஒரு நோடு 1,000 நாளுக்கு ஒருமுறைதான் பொய்யாக அலறும் என்றால் நல்ல நோடு என்று தோன்றும். 10,000 நோடு வைத்தால் தினமும் பத்து பொய் அலறல். ஒரு மாதத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அக்கம்பக்கத்து இரண்டு மூன்று நோடு ஒத்துச் சொன்னால்தான் எச்சரிக்கை என்று வையுங்கள். ஆனால் கவனம், பிழைகள் எப்போதும் தனித்தனியாக வருவதில்லை. மழை, இடி, மின்தடை எல்லாம் பக்கத்துப் பக்கத்து நோடுகளை ஒன்றாகவே ஏமாற்றும். அதனால் இரண்டாவது சாட்சி வேறு வகை சென்சாராக இருந்தால் நல்லது: புகைக்கு வெப்பம், அதிர்வுக்கு ஒலி.

நிறுவிய பிறகு மென்பொருளை மாற்ற முடியுமா?

முடிய வேண்டும், ஆனால் நெட்வொர்க் முழுவதையும் ஒரே இரவில் கொல்லும் வழியும் இதுதான். நினைவகத்தில் பழைய பதிப்புக்கு ஒரு இடம், புதியதற்கு ஒரு இடம். புதியது எழுந்து கேட்வேயோடு பேசிவிட்டால்தான் நிரந்தரம், இல்லையென்றால் தானே பழையதற்குத் திரும்ப வேண்டும். டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்காத எதையும் நோடு ஏற்கக் கூடாது. முதலில் ஒரு சதவீதம் நோடு, பிறகு பத்து, பிறகு மீதி. தொடர்பு மோசமாக உள்ள மூலைகளில் ஒன்றிரண்டையும் அந்த முதல் சதவீதத்தில் சேருங்கள்.

பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் என்ன செய்ய வேண்டும்?

2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை வைத்த கடவுச்சொற்களை ஒரு பட்டியலிலிருந்து போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றை வைத்து நடத்திய தாக்குதலில் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று பல பெரிய இணையதளங்கள் தடுமாறின. அதற்குப் பிறகும் எல்லா நோடுக்கும் ஒரே ரகசியச் சாவியைப் போடுவது மன்னிக்க முடியாதது. உங்கள் நோடு ஆளில்லாத இடத்தில் கம்பத்தில் தொங்குகிறது, யார் வேண்டுமானாலும் கழற்றிக்கொண்டு போய்த் திறந்து பார்க்கலாம். ஒன்றைத் திறந்தால் அந்த ஒன்றின் சாவிதான் கிடைக்க வேண்டும். ஏஇஎஸ்-128 என்ற குறியாக்க முறை பல ரேடியோ சிப்புகளிலேயே இருக்கிறது. பழைய பாக்கெட்டைப் பதிவு செய்து திரும்ப அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க வரிசை எண்ணையும் சரிபாருங்கள்.

சர்வர் பக்கம் என்ன பயன்படுத்துவது?

எம்க்யூடிடி என்ற செய்தி பரிமாற்ற நெறிமுறை போதும். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவானது, இந்த வேலைக்கு அளவெடுத்தது. அப்புறம் ஒரு நேரத்தொடர் தரவுத்தளம். இந்தப் பகுதியில் சிக்கல் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம், கவலைப்பட வேண்டியது வெளியே இருப்பவற்றைப் பற்றித்தான்.

நிறுவும்போது எதைக் குறித்து வைக்க வேண்டும்?

இடத்துக்கு ஒரு அடையாள எண், சாதனத்துக்கு ஒரு அடையாள எண், இரண்டும் தனித்தனி. நோடைக் கழற்றிப் புதியது மாட்டும்போது பழைய எண்ணையே அதற்கும் கொடுத்துவிட்டால் வரைபடத்தில் கோடு தொடர்ந்து ஓடும், நடுவில் சென்சார் மாறியதே யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் கழித்து அந்த இடத்தில் வெப்பம் அரை டிகிரி ஏறியிருக்கிறது என்று ஒருவர் அறிக்கை எழுதுவார். ஆக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்தச் சாதனம் எந்த இடத்தில் இருந்தது என்று பதிவு வேண்டும். தரையிலிருந்து உயரம், எந்தத் திசை பார்த்து இருக்கிறது, எதில் மாட்டியிருக்கிறது என்பதும் வேண்டும். நான்கு பக்கமும் ஒரு புகைப்படம் எடுங்கள், பக்கத்தில் இருக்கும் மரமும் சுவரும் தெரியும்படி. வருஷத்துக்கு ஒருமுறை போகும்போது அதே இடத்தில் நின்று மறுபடி எடுங்கள், ஏனென்றால் மரம் வளர்ந்து நிழல் விழுந்தாலும் எண் மாறும், சென்சாரில் ஒரு குறையும் இருக்காது.